எட்டாம் வகுப்பில் ஒரு மௌனம்: ஜப்பான் பள்ளியில் துணை ஆசிரியராக நான் செய்த ஒரு தவறு பற்றிய நிகழ்வு ஆய்வு

2022 ஜூன் மாதம். மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு வியாழக்கிழமை, மூன்றாவது பாடவேளை. ஜப்பானில் கான்டோ பகுதியில் உள்ள ஒரு நடுத்தர நகரத்தின் அரசு நடுநிலைப் பள்ளி. இரண்டாம் ஆண்டு வகுப்பு, நம் கணக்கில் எட்டாம் வகுப்பு. ஒரு மாணவனை எழுப்பி ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. நான் விடவில்லை. மூன்று முறை கேட்டேன். நான்காவது முறை வாயெடுப்பதற்குள் பாட ஆசிரியை முன்னால் வந்து அவனை உட்காரச் சொன்னார். அன்று உட்கார்ந்தவன், அந்தக் கல்வியாண்டு முடியும்வரை என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தவறு என்னுடையது. ஆனால் அது நடப்பதற்கு வேண்டிய எல்லாம் எனக்கு முன்பே அங்கே தயாராக இருந்தது. அதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களுக்குக் குளிரைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் நிறையப் பேர் சொல்லிவிடுகிறார்கள். ஒப்பந்தத் தாளில் இருக்கும் ஒரு சொல் வகுப்பறைக்குள் வந்து என்ன செய்யும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த மாணவனை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

துணை ஆசிரியர் என்பவர்

ஜப்பான் பள்ளிகளில் எங்களை ஏ.எல்.டி. என்பார்கள். மொழிப் பாடத்துக்குத் துணை ஆசிரியர். வெளிநாட்டு இளைஞர்களைப் பள்ளிகளுக்கு அழைத்துவர 1987-இல் அரசு தொடங்கிய ஜெட் திட்டத்தில் முதல் ஆண்டு நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் வந்தார்கள். இந்த வேலை நாடு முழுக்கப் பரவியது அதிலிருந்துதான். இன்று அந்தத் திட்டம் ஒரு வழி மட்டுமே. சில நகராட்சிகள் நேரடியாகவே ஆள் எடுக்கின்றன. இன்னும் பல, தனியார் நிறுவனங்களிடம் வேலையைக் கொடுத்துவிடுகின்றன. நான் போனது அந்த மூன்றாவது வழியில். பள்ளியில் மொழி கற்பிக்கும் விசாவுக்கு, அந்த மொழியிலேயே 12 ஆண்டு படித்திருக்க வேண்டும் என்பது விதி. ஆங்கில வழியில் படித்த நம் ஊர்க்காரர்கள் அங்கே வேலை பார்க்க முடிவது இதனால்தான்.

துணை ஆசிரியருக்கு ஜப்பானிய ஆசிரியர் உரிமம் கிடையாது. வகுப்பின் பொறுப்பு உரிமம் உள்ள ஆசிரியரிடம்தான். தொடக்கப் பள்ளியில் வகுப்பாசிரியர், மேலே போனால் ஆங்கில ஆசிரியர். இருவரும் சேர்ந்து நின்று நடத்துவதுதான் பாடம். சேர்ந்து நடத்த வேண்டுமானால் முன்கூட்டிப் பேசிக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சுக்கு அங்கே 'உச்சியாவாசே' என்று பெயர். பெரிய கூட்டமெல்லாம் இல்லை. பாடத்துக்கு முன்னால் ஆசிரியர் அறையில் பத்து நிமிடம், சில நாள் நடைவழியில் நடந்துகொண்டே இரண்டு நிமிடம். இன்று எந்தப் பக்கம், யார் வரவில்லை, யாரை இன்றைக்குத் தொந்தரவு செய்ய வேண்டாம், அவ்வளவுதான்.

என் ஒப்பந்தத்தில் அந்தப் பத்து நிமிடம் இல்லை. இல்லை என்பதை விட, கூடாது என்பதே சரி.

கியோமு இதாக்கு

நகராட்சிக்கும் என் நிறுவனத்துக்கும் இடையே இருந்த ஒப்பந்தத்தின் பெயர் 'கியோமு இதாக்கு'. ஒரு வேலையை மொத்தமாக வெளியாரிடம் ஒப்படைப்பது. கட்டடம் சுத்தம் செய்ய ஒரு நிறுவனத்தை வைத்தால், துடைக்கிறவருக்கு உத்தரவு போடுவது அவருடைய நிறுவனம்தான். கட்டடத்துக்காரர் நேராகப் போய் இதைச் செய், அதைச் செய் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அது ஒப்பந்த வேலை அல்ல, ஆளை வாடகைக்கு எடுத்த வேலை. அதற்குச் சட்டம் வேறு. இந்த இரண்டையும் பிரிக்கும் அளவுகோலைத் தொழிலாளர் அமைச்சகம் 1986-லேயே அறிவித்துவிட்டது. மீறினால் அதற்கு 'கிசோ உகெயோய்', அதாவது போலி ஒப்பந்தம் என்று பெயர். துணை ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும் என்று கல்வி அமைச்சகம் 2009 ஆகஸ்ட்டில் கடிதம் அனுப்பித் தெளிவுபடுத்தியது.

விளைவு இதுதான். ஆங்கில ஆசிரியை என்னிடம் வந்து "இன்று 34-ஆம் பக்கத்துக்குப் பதில் 36-ஐ எடுங்கள்" என்று சொன்னால், சட்டப்படி அது உத்தரவு. அவர் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி, கல்வி வாரியம் வழியாக நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் எனக்கு மின்னஞ்சல் போடுவார். எனக்குப் பாடத் திட்டம் வந்து சேர்வது வகுப்புக்கு இரண்டு நாள் முன்பு.

பல பள்ளிகளில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. எங்கள் பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் கண்டுகொண்டார். அவர் மேல் எனக்கு இன்றும் வருத்தமில்லை. இந்தச் சட்டமே, ஆளை வாங்கி வேலை வாங்கிவிட்டுப் பொறுப்பிலிருந்து நழுவுவதைத் தடுக்க, என்னைப் போன்ற தொழிலாளியைக் காக்க வந்தது. அவர் அதை மதித்தார். கோளாறு வேறு இடத்தில். இரண்டு பேர் சேர்ந்து மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலைக்கு, இரண்டு பேரும் பேசிக்கொள்ளக் கூடாத ஒப்பந்தத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? எங்கள் நகரத்தில் அதற்குக் காரணம் ஏலம். ஆண்டுதோறும் குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை. வகுப்பறையில் என்ன நடக்கும் என்று அந்த ஏலத் தாளில் கேட்க ஒரு கட்டம்கூட இல்லை.

அந்தப் பாடவேளை

செவ்வாய்க்கிழமை எனக்கு வந்த திட்டத்தில் 'வழி கேட்பது' என்று இருந்தது. நகர வரைபடம் ஒன்றை வரைந்து, 33 படி எடுத்து வைத்திருந்தேன். இடையில் புதன்கிழமை கால அட்டவணை மாறி, ஆசிரியை அந்தப் பாடத்தை முடித்துவிட்டிருந்தார். வியாழக்கிழமை வகுப்பு வாசலில் அவரைப் பார்த்தபோது கையில் வேறு ஒரு தாள்கட்டு இருந்தது. ஏதோ சொல்ல வந்தார், பின்பு "தாய்ஜோபு" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார். பரவாயில்லை, சரியாகிவிடும் என்ற அர்த்தத்தில்.

வரைபடத்தைக் கொடுத்ததும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதை நேற்றே படித்தோம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வகுப்பில் அப்படிச் சொல்லும் பழக்கம் இல்லை. நான் அந்த அமைதியைப் புரியாமை என்று எடுத்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்தேன், இன்னும் எளிதாக்கினேன். அமைதி கூடியது. அப்புறம்தான் ஒவ்வொருவராக எழுப்பத் தொடங்கினேன்.

ஜன்னல் பக்கம் மூன்றாவது இருக்கையில் இருந்த அவனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வகுப்பு முழுவதும் சேர்ந்து பாடத்தை உரக்கப் படிக்கும்போது அவன் குரல் தெளிவாக, சரியான உச்சரிப்போடு வரும். நன்றாகப் படிக்கிற பையன், கூச்சப்படுகிறான், ஒரு தள்ளு தள்ளினால் போதும் என்று நினைத்தேன்.

நூலகத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றான். எல்லோரும் முகக்கவசம் அணிந்திருந்த காலம் அது. கண்கள் மட்டும்தான் தெரியும். வலது கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது, நகங்கள் வெளுத்திருந்தன. முகக்கவசம் இரண்டு முறை உள்ளே ஒட்டி வெளியே வந்தது, மூச்சை இழுத்து எதையோ தொடங்கப் பார்ப்பது போல. இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்ததற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் படித்த பள்ளியில் எழுந்து நிற்கிறவன் ஏதாவது சொல்லியாக வேண்டும். "தெரியல சார்" என்றாவது சொல்ல வேண்டும். வாயே திறக்காமல் நிற்பதைத் திமிர் என்பார்கள். ஜப்பானில் அப்படி இல்லை, பிள்ளைகள் நேரம் எடுத்துக்கொள்வார்கள், பக்கத்திலிருப்பவரிடம் கேட்டுக்கொண்டு சொல்வார்கள் என்று எனக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதனால் கோபப்படவில்லை. சிரித்த முகத்தோடுதான் கேட்டேன். ஆனால் விடாமல் கேட்டேன். அந்தச் சிரிப்பும் முகக்கவசத்துக்குள்தான் இருந்தது.

எல்லோருக்கும் தெரிந்திருந்தது

ஒன்பது நாள் கழித்து ஒருங்கிணைப்பாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இரண்டாம் ஆண்டு வகுப்பில் தனியாக எழுப்பிப் பேசச் சொல்லக் கூடாத மாணவர் ஒருவர் இருக்கிறார், கவனத்தில் கொள்ளவும் என்று ஒரே வரி. பெயர் இல்லை. மாணவரின் தனிப்பட்ட விவரத்தை வெளி நிறுவனத்துக்குக் கொடுக்க முடியாது. பெயர் எனக்குத் தேவையும் படவில்லை.

அவனுக்குப் பேச்சில் திக்கல் உண்டு. தொடக்கப் பள்ளியில் இருந்தபோது 'கொத்தொபா நோ கியோஷித்சு' என்ற பேச்சு வகுப்புக்குப் போய்வந்திருக்கிறான். பல தொடக்கப் பள்ளிகளில் இந்த வகுப்பு உண்டு, நடுநிலைக்கு வந்துவிட்டால் குறைவு. ஜப்பானில் திக்கலும் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கான உதவிச் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது. 2016 ஏப்ரல் முதல், மாற்றுத் திறனாளிகளுக்குத் தேவையான நியாயமான மாற்று ஏற்பாட்டைச் செய்வது அரசுப் பள்ளிகளின் சட்டக் கடமை. அந்தப் பள்ளி அதைச் செய்தது என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியர் அவனிடமும் பெற்றோரிடமும் பேசி, எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் சொல்லியிருந்தார்: அவனாகக் கை தூக்கினால் ஒழிய எழுப்பாதீர்கள். பேசத் தொடங்கினால் காத்திருங்கள். அவனுக்காகச் சொல்லை முடித்துக் கொடுக்காதீர்கள்.

அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. என் ஒப்பந்தம் தொடங்கியதே அடுத்த வாரம்தான். இசை ஆசிரியருக்குத் தெரியும், உடற்பயிற்சி ஆசிரியருக்குத் தெரியும், நூலகப் பொறுப்பாளருக்குத் தெரியும். அவனைப் பேச வைப்பதே வேலையாக வந்த எனக்கு மட்டும் தெரியாது.

இன்னொன்றையும் அப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். திக்கல் உள்ளவர்கள் பலரோடு சேர்ந்து ஒரே குரலில் படிக்கும்போது பெரும்பாலும் திக்குவதில்லை. நன்றாகப் படிக்கிறான் என்று எதை அடையாளமாக எடுத்துக்கொண்டேனோ, அதுவே என்னைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோனது. இதை ஒவ்வொரு மொழி ஆசிரியரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எந்த நாடானாலும் சரி.

சாப்பாட்டு நேரம்

ஒரு கேள்வி மிச்சமிருந்தது. கூட்டத்தில் சொல்லாவிட்டால் என்ன, இரண்டு மாதம் ஒரே கட்டடத்தில் இருந்த எனக்கு அது தானாகவே தெரிந்திருக்க வேண்டாமா?

ஜப்பான் பள்ளியில் பிள்ளைகளைத் தெரிந்துகொள்ளும் இடம் பாடவேளை அல்ல. நடுநிலையில் பாடவேளை 50 நிமிடம், அதில் எனக்கு வாரம் ஒன்றுதான் ஒரு வகுப்புக்கு. பிள்ளைகள் பிள்ளைகளாக இருப்பது மதியச் சாப்பாட்டிலும் அதன் பின் வரும் துப்புரவு நேரத்திலும். சாப்பாடு வகுப்பறையிலேயே நடக்கும். அந்த வாரத்து முறைக்காரர்கள் வெள்ளை மேலங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு, பெரிய பாத்திரங்களை வண்டியில் தள்ளிவந்து தாங்களே பரிமாறுவார்கள். ஆசிரியரும் அதே தட்டில் அதே சாப்பாடு சாப்பிடுவார். 200 மில்லி பால் எல்லோருக்கும். யாராவது வரவில்லை என்றால் மிச்சமிருக்கும் உறைந்த மாண்டரின் பழத்துக்குக் கைச்சாடை விளையாட்டில் போட்டி நடக்கும். யார் யாரோடு சேர்கிறார்கள், யார் தனியாக இருக்கிறார்கள், யார் எப்படிப் பேசுகிறார்கள் என்பதெல்லாம் அந்த அரை மணியில் தெரிந்துவிடும்.

எனக்கு இரண்டு கதவுகள் அடைபட்டிருந்தன. ஒப்பந்தப்படி மதியம் என் இடைவேளை. அது வேலை நேரமில்லை, வகுப்பில் உட்காரக் கூடாது. அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த என் மேசையில் டப்பாவைத் திறந்து தனியாகச் சாப்பிடுவேன். இரண்டாவது, தொற்றுக் காலம். வகுப்பில் இருந்திருந்தாலும் பெரிதாக எதுவும் தெரிந்திருக்காது. பிள்ளைகள் எல்லோரும் கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல் சாப்பிட வேண்டும். அதற்கு 'மொகுஷொகு', மௌன உணவு என்று பெயர். கவனமாக இருந்தால் பேசிச் சாப்பிடலாம் என்று கல்வி அமைச்சகம் தெளிவுபடுத்தியது 2022 நவம்பர் கடைசியில்தான். இரண்டரை ஆண்டுக்கு மேல் அந்தப் பிள்ளைகள் அப்படிச் சாப்பிட்டார்கள். இதை எழுதும்போது இப்போதும் மனசு கனக்கிறது.

2023 ஏப்ரல்

அடுத்த கல்வியாண்டில் நகராட்சி ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டு, துணை ஆசிரியர்களை நேரடியாக எடுத்தது. 2020 ஏப்ரலில் வந்த ஆண்டுமுறை நியமன ஊழியர் என்ற ஏற்பாட்டின் கீழ். வேலை ஓர் ஆண்டுக்குத்தான் என்பது மாறவில்லை, சம்பளமும் பெரிதாக ஏறவில்லை. ஆனால் நான் பள்ளியின் ஆள். விண்ணப்பித்தேன், அதே பள்ளி கிடைத்தது. ஏப்ரல் முதல் வாரக் கூட்டத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். கவனிப்புத் தேவைப்படும் மாணவர்கள் பற்றிய தாள் எல்லோருக்கும் கொடுத்தது போல் எனக்கும் வந்தது. கூட்டம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். அதில் அவன் பெயர் ஏழாவதாக இருந்தது.

அந்த ஏப்ரலில் பள்ளிகளில் முகக்கவசக் கட்டாயமும் போனது. சாப்பாட்டு நேரத்தில் மேசைகளை மறுபடியும் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஆகவே பிறகு நடந்த நல்லதையெல்லாம் ஒப்பந்தம் மாறியதன் கணக்கில் மட்டும் எழுத நான் தயாரில்லை. முகம் தெரிந்ததும் ஒரு காரணம். அவனுக்கு ஒரு வயது கூடியதும்தான்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆங்கில ஆசிரியையிடம் சொன்னேன். அவனைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்காதீர்கள், இன்னொரு முறை அவனை உங்கள் முன்னால் நிற்க வைக்க வேண்டாம் என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை.

துப்புரவு நேரம் 15 நிமிடம். அவன் குழுவுக்கு மேற்குப் பக்கப் படிக்கட்டு. நானும் ஒரு தரைத்துணியை எடுத்துக்கொண்டு அங்கேயே போனேன். இரண்டு வாரம் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. மே மாதம் ஒரு நாள் வாளி ஓரத்தில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். நம் ஊரில் பிழிவது போல, துணியைக் குறுக்காகப் பிடித்து முறுக்கினேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தன் துணியை எடுத்து நெட்டுக்குப் பிடித்தான், ஒரு கை மேலே, ஒரு கை கீழே, முழங்கைகளை உடம்போடு ஒட்டி. ஒரே முறுக்கில் தண்ணீர் மொத்தமும் இறங்கியது. ஜப்பானியப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுக்கும் முறை அது. சொல்லத் தொடங்கினான். முதல் எழுத்திலேயே நின்றது. நான் வாளியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். "நேராகப் பிடிக்கணும்" என்று வந்தது, ஜப்பானிய மொழியில். அவன் சொன்னபடி பிழிந்தேன். அப்புறம், போன வருடம் ஜூன் மாதம் நான் செய்தது தப்பு, மன்னித்துக்கொள் என்றேன். தலையசைத்தான். படிக்கட்டு இன்னும் பாதி மிச்சமிருந்தது.

மதிப்பெண் தாள்

அந்த ஆண்டு நாடு முழுக்க நடுநிலை மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு நடந்த கற்றல் திறன் தேர்வில் ஆங்கிலம் பேசும் பகுதியும் இருந்தது. ஐந்து கேள்விகள். சரியான விடைகளின் சராசரி 12.4 சதவீதம். பத்தில் ஆறு பேருக்கு மேல் ஒன்றைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பேச்சு ஓடியது. கேள்விகள் கடினம், நேரம் குறைவு என்றெல்லாம் சொன்னார்கள். அதுவும் உண்மைதான்.

நவம்பரில் எங்கள் பள்ளியின் சொந்தப் பேச்சுத் தேர்வு வந்தது. இந்த முறை நானும் ஆசிரியையும் மூன்று நாள் மாலையில் உட்கார்ந்து பேசினோம். அவனுக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்தால் அதுவே அவனை வகுப்பின் முன் நிறுத்திவிடும். எனவே எல்லோருக்கும் இரண்டு வழி வைத்தோம். வகுப்பில் வந்து பேசலாம், அல்லது பள்ளி கொடுத்திருக்கும் கைக்கணினியில் பதிவு செய்து அனுப்பலாம். 33 பேரில் 11 பேர் பதிவைத் தேர்ந்தெடுத்தார்கள். திக்கல் இல்லாத பத்துப் பேருக்கும் அப்படி ஒரு வழி தேவைப்பட்டிருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் அன்றுதான் தெரிந்தது. பழைய மதிப்பெண் தாளில் 'தடங்கலின்றிப் பேசுதல்' என்று ஒரு வரி, அதற்கு மூன்று மதிப்பெண். அதை ஆசிரியை சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'கேட்பவருக்குப் புரியும்படி சொல்லுதல்' என்று எழுதினார். சிறிது நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பல ஆண்டாக அவர் போட்டுவந்த தாள் அது.

அவனுடைய பதிவு 1 நிமிடம் 40 நொடி. ரயில் புறப்படும்போது நிலையத்தில் ஒலிக்கும் சிறு மெட்டுகளைப் பற்றிப் பேசியிருந்தான். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒன்று, கண்ணை மூடிக்கொண்டே எந்த ஊர் என்று சொல்லிவிடுவானாம். இரண்டு இடத்தில் பேச்சு நின்றது. ஓரிடத்தில் ஐந்தாறு நொடி. திருப்பிப் பதிவு செய்ய எத்தனை முறை வேண்டுமானாலும் வாய்ப்பு இருந்தும், அந்த நிறுத்தத்தை அவன் வெட்டவில்லை.

பிள்ளைகள் மன்றப் பயிற்சிக்குப் போன பிறகு, ஆசிரியர் அறையில் இருவரும் சேர்ந்து கேட்டோம். ஆசிரியை மதிப்பெண்களை எழுதினார், நான் என் தாளில் எழுதினேன், ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரு மதிப்பெண் வித்தியாசம். இன்னொரு முறை கேட்டுவிட்டு அவர் தன்னுடையதை மாற்றிக்கொண்டார். மணி நாலே கால் ஆகியிருந்தது. நாளை இரண்டாவது பாடவேளைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டேன். 72, ஆனால் கடைசிப் பத்தியை விட்டுவிடலாம், நேரம் போதாது என்றார்.